பலகையின் நுனி எதில் உட்காருகிறது?

நான் கட்டுகிற மாதிரிக் கப்பலில் மூன்று மாதம் உட்கார்ந்து ஒட்டிய தளத்தை ஒரே ராத்திரியில் பிய்த்தெடுத்தேன். ஈரத்துணியை மேலே விரித்து மூடி, இரண்டு மணி நேரம் கழித்துப் பசை வெள்ளையாக ஊறி வந்ததும், தேய்ந்த வெண்ணெய்க் கத்தியை அடியில் கொடுத்து ஒவ்வொரு கீற்றாகக் கிளப்பினேன். நூற்றைம்பதுக்கும் மேல். அம்மா எழுந்து வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானேடா இருந்துச்சு" என்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது கப்பலின் தளம் இல்லை, தரையில் ஒட்டிய ஓடு மாதிரி. அந்த வித்தியாசம் தெரிந்த பிறகு அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கப்பலைச் சொல்கிறேன். அன்னபூரணி அம்மாள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் வல்வெட்டித்துறையில் நம் ஆட்கள் கட்டிய, இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல், 89 அடி நீளம், 19 அடி அகலம். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிக்கொண்டு சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938இல் மாசசூசெட்ஸில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வெறும் பாய், காற்று, கை. என் தாத்தா தொண்டியிலிருந்து தோணியில் இலங்கைக்குப் போய்வந்தவர், அந்தக் கப்பல் பேரை அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். ஆங்கிலேயரின் போர்க்கப்பல் மாதிரிகள், வெட்டிய துண்டுகளோடு, பெட்டி பெட்டியாக விற்கின்றன, இதற்குப் பெட்டி கிடையாது. பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு 48இல் ஒரு பங்கு அளவில் நானே கட்டுகிறேன். 56 சென்டிமீட்டர் சொச்சம் நீளம், அகலம் ஒரு சாண் கூட இல்லை, 12 சென்டிமீட்டர்.

ஏரா (அடிக்கட்டை) வைத்து, வங்கு (விலா எலும்பு மாதிரிச் சட்டம்) நிறுத்தி, பக்கப் பலகை அடித்து முடிக்கும்வரை பெரிய சிக்கல் வரவில்லை. தளத்துக்கு வந்தபோது அடைமழைக் காலம். வங்குகளுக்கு மேலே மெல்லிய பிளைவுட்டை வைத்து, அதன்மேல் மூன்று மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளை ஒட்டிக்கொண்டே போனேன். ஒரு வரிசையின் மூட்டு அடுத்த வரிசையின் நடுவில் வருகிற மாதிரி, செங்கல் சுவர் அடுக்கு. தை பிறக்கும்போது முடிந்துவிட்டது. பங்குனி வெயிலில் பார்த்தால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை மயிரிழையாக வாய் பிளந்திருக்கிறது.

எங்கள் ஊர் மண்டபம், அங்கே எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஐம்பது வருஷம் மரப்படகு கட்டியவர். பழைய ஆட்கள் ஓடாவி என்பார்கள், இப்போது எல்லாருக்கும் மேஸ்திரி. ஃபைபர் படகு வந்த பிறகு அவருக்குப் புது வேலை குறைந்து, பழைய படகைச் செப்பனிடும் வேலைதான் வருகிறது. இடைவெளிக்கு என்ன செய்வது என்று கேட்கத்தான் கப்பலைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"மாப்ளே, இந்தப் பலகை எங்க முடியுது?"

"இந்தா, இங்க மாமா."

"அடியில என்ன இருக்கு?"

பிளைவுட் என்றேன். "அது உன் பொம்மையில. கப்பல்ல என்ன இருக்கும்? நுனியில ஆணி அடிச்சா அது எதுல போயி இறங்கும்?"

எனக்குப் பதில் இல்லை. நான் ஒட்டியிருந்த மூட்டுகளில் பாதிக்குமேல் அந்தரத்தில் நின்றன. உண்மைக் கப்பலில் தளத்துக்கு அடியில் இந்தப் பக்க விளிம்பிலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குறுக்கு உத்தரங்கள் போகும். பலகை அவற்றின்மேல் நீளவாக்கில் படுத்திருக்கும். ஒவ்வொரு பலகையின் நுனியும் ஏதாவது ஓர் உத்தரத்தின்மேல் போய்த்தான் முடிய வேண்டும், அங்கேதான் ஆணி பிடிக்கும். அந்தரத்தில் முடிந்தால் ஆள் மிதித்ததும் நுனி எழும்பும், தண்ணீர் உள்ளே இறங்கும், அடியில் இருக்கிற அரிசி மூட்டை நாசம். மூட்டுகளை எங்கே வைப்பது என்பதை அழகுக்காக யாரும் தீர்மானிப்பதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகவே இரண்டாம் தடவை பலகையைத் தொடுவதற்கு முன்னால் உத்தரம் வரைந்தேன். பிளைவுட்டின்மேல் பென்சிலால், நிஜ அளவில் நாலடிக்கு ஒன்று, மாதிரியில் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒன்று, அணியத்திலிருந்து (கப்பலின் முன்பக்கம்) எண் போட்டுக்கொண்டே பின்பக்கம்வரை. பலகை நீளம் 20 அடி என்று வைத்தால் ஐந்து உத்தரத்தைத் தாண்டும், மாதிரியில் 127 மில்லிமீட்டர். பிறகு மூட்டு வரிசை. பழைய கப்பல் கட்டும் விதி இப்படிப் போகிறது: அடுத்தடுத்த இரண்டு பலகைகளின் மூட்டுக்கு நடுவே குறைந்தது ஐந்தடி இருக்க வேண்டும், நடுவில் ஒரு பலகை இருந்தால் நாலடி போதும், ஒரே உத்தரத்தின்மேல் இரண்டு மூட்டு வர வேண்டுமென்றால் நடுவில் மூன்று பலகையாவது முழுதாக ஓட வேண்டும். காகிதத்தில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். முதல் வரிசை 1ஆம் உத்தரத்தில், அடுத்தது 3இல், அப்புறம் 5, பிறகு 2, பிறகு 4, ஆறாவது வரிசையிலிருந்து மறுபடி அதே சுற்று. ஐந்து உத்தர நீளத்துக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. பக்கத்துப் பலகைகளுக்கு எட்டடி, ஒன்று விட்டு அடுத்ததற்கு நாலடி, ஒரே உத்தரத்தில் வரும்போது நடுவே நாலு பலகை. அதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மரத்தையும் மாற்றினேன். முதல் தளம் தேக்கு, பட்டறையில் கிடைத்த துண்டு. தேக்கு நிஜக் கப்பலுக்கு ராஜா, ஆனால் 48இல் ஒரு பங்குக்கு அதன் துளைகளும் ரேகையும் ரொம்பப் பெரிசு, அளவு கெட்டுப்போகிறது. எண்ணெய்ப் பசையும் உண்டு, தின்னர் போட்டுத் துடைக்காமல் ஒட்டினால் பசை சரியாகப் பிடிக்காது. இப்போது மஞ்சக்கடம்பு. நெருக்கமான ரேகை, மங்கிய மஞ்சள், கத்திக்கு வெண்ணெய் மாதிரி இசைந்து கொடுக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கனம், மூன்று மில்லிமீட்டர் அகலம். நிஜத்தில் அது ஏறக்குறைய இரண்டு அங்குலக் கனம், ஆறு அங்குல அகலப் பலகை. அகலத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். கீற்றுக்கு 0.1 மில்லிமீட்டர் கூடினால் இருபது கீற்றில் இரண்டு மில்லிமீட்டர், அதாவது ஒரு பலகையில் மூன்றில் இரண்டு பங்கு. நான் ஒவ்வொன்றையும் வெர்னியரில் பிடித்துப் பார்த்து, கூடினதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

நடுவில் நூல் கட்டி, அணியத்திலிருந்து பின்பக்கம்வரை ஒரு நடுப்பலகை, அதை ஒட்டி இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போக வேண்டும். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் கோடு சாய்ந்துவிடும். சரக்கறை வாயின் சட்டத்தை முன்னாலேயே நிறுத்திவிடுங்கள், பலகை அதில் போய் முட்டி நிற்கட்டும். இன்னொன்று, தளம் மட்டமாக இருக்காது, நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு, மேலே விழும் தண்ணீர் ஓட வேண்டுமே. இந்த அகலத்துக்கு நான் இரண்டரை மில்லிமீட்டர் மேடு கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியாது என்று நினைப்பீர்கள், விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பார்த்தால் அதுதான் கப்பலுக்கு உயிர் கொடுக்கிறது.

பலகைகளுக்கு நடுவே கறுப்புக் கோடு. கலப்பத்து. நிஜக் கப்பலில் பழைய கயிற்றைப் பிரித்த நாரையோ பஞ்சையோ உளிவைத்து அடித்துத் திணித்து, மேலே தார் மாதிரியான கீல் ஊற்றுவார்கள். நம் கரையில் பஞ்சும், குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிய கலவையும். அந்தக் கோடு நிஜத்திலேயே கால் அங்குலத்தைத் தாண்டாது, மாதிரியில் 0.13 மில்லிமீட்டர். நிறையப் பேர் கறுப்பு நூல் வைக்கிறார்கள், கறுப்புச் சார்ட் தாள் வைக்கிறார்கள், இந்த அளவுக்கு இரண்டும் தடிமன். மார்க்கர் பேனா ரேகைக்குள் ஊறிப் பரவிவிடும். 2பி பென்சிலைக் கீற்றின் ஒரு பக்க விளிம்பில் மட்டும் அழுத்தித் தேய்த்தால் போதும், ஒட்டிய பிறகு அளவான கோடு வரும்.

தளம் அணியத்தில் குறுகும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கேதான் நான் அதிக நேரம் செலவழித்தேன். நேராக வரும் பலகை வளைந்த விளிம்பில் போய் மோதும். அப்படியே சாய்த்து வெட்டினால் நுனி ஊசி மாதிரி ஆகிவிடும். முதல் தளத்தில் அப்படித்தான் வெட்டியிருந்தேன், கூராக, பார்க்க அழகாக. மேஸ்திரி அதைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டி, "இதுல கலப்பத்து உளி பட்டா என்ன ஆகும்?" என்றார். பிளந்துவிடும். ஆணியும் தாங்காது. அதனால் விளிம்பை ஒட்டி வளைந்த பலகை ஒன்றைச் சுற்றிலும் போட்டு, உள்ளே வரும் ஒவ்வொரு பலகையின் நுனியையும் பாதி அகலத்துக்குக் குறையாமல் மொட்டையாக வெட்டி, அந்த வளைந்த பலகையில் அதற்கேற்ற பள்ளம் செதுக்கிப் பொருத்த வேண்டும். ஒரு நுனிக்கு எனக்கு இருபது நிமிஷம் ஆனது. முதலில் பலகையை வெட்டி, அதை விளிம்பின்மேல் வைத்துக் கூரான பென்சிலால் வரைந்து, கோட்டுக்கு உள்ளேயே நின்று செதுக்கி, கடைசி இழையை அரத்தால் எடுப்பது. அவசரப்பட்டுக் கோட்டின்மேலேயே வெட்டினால் பள்ளம் பெரிசாகும், அதைப் பசையும் மரத்தூளும் போட்டு அடைத்தால் காலம்பூராவும் கண்ணில் குத்தும்.

அப்புறம் மர ஆணி. ஒவ்வோர் உத்தரத்திலும் பலகைக்கு இரண்டு, அரை மில்லிமீட்டர் தடிமனில். இதற்கு மூங்கில்தான், வேறு எந்த மரமும் அந்தத் தடிமனில் முறியாமல் நிற்பதில்லை. மூங்கில் குச்சியைச் சிம்பு சிம்பாகப் பிளந்து, துளையிட்ட எஃகுத் தகட்டில் பெரிய துளையிலிருந்து சின்னத் துளைக்கு வரிசையாக இழுக்க வேண்டும். வெளிநாட்டுத் தகடு விலையைப் பார்த்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், நகை செய்யும் பத்தர் கம்பி இழுப்பதும் இதே வேலைதானே என்று தோன்றியது. ராமநாதபுரத்தில் தெரிந்த பத்தர் ஒருவர் தன் பழைய கம்பியச்சைக் கொடுத்தார். தங்கம் இழுத்த துளையில் மூங்கில் இழுத்தேன், இழுக்க இழுக்க வழுவழுவென்று நூல் மாதிரி வந்தது. பித்தளை ஊசியை ஆணியாக வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தளத்தில் மஞ்சள் புள்ளி மினுங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. இரும்பு ஊசியை மட்டும் பிடிப்புக்குக்கூட வைக்காதீர்கள், நம் உப்புக்காற்றில் இரண்டே நாளில் துருக்கறை மரத்தில் இறங்கிவிடும்.

ஒட்டி முடித்ததும் உப்புத்தாளைத் தூக்காதீர்கள், பென்சில் கருப்பெல்லாம் தளம் முழுக்க இழுகும். கண்ணாடிச் சில்லின் விளிம்பை நிமிர்த்திப் பிடித்து, ரேகை போகிற திக்கிலேயே சுரண்டினால் பூ மாதிரி மெல்லிய சீவல் வரும், கோடும் சுத்தமாக நிற்கும். கடைசியில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, தண்ணியாக, ஒரே ஒரு கை. மினுமினுப்பு வேண்டாம். மாலுமிகள் கால் பட்டு வெயிலில் காய்ந்த தளம் மேஜை மாதிரி பளபளக்காது.

முதலில் கேட்கப் போன இடைவெளிக்கும் மாமா பதில் சொன்னார், நான் கிளம்பும்போது. "மழையில ஒட்டுனியா? பின்ன வெயில்ல சுருங்காம என்ன செய்யும். நாங்க வெயில்காலத்துல காலையும் சாயங்காலமும் தளத்துக்குத் தண்ணி அடிப்போம். உன் கப்பலுக்குத் தண்ணி அடிக்க முடியாதுல்ல, காஞ்ச மரத்தைக் காஞ்ச மாசத்துல ஒட்டு." கீற்றுகளை அறுத்து, நூல் சுற்றி, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒன்றரை மாதம் காயவைத்தேன். வைகாசியில் ஒட்ட ஆரம்பித்தேன், கச்சான்காற்று (மேல்காற்று) வீசுகிற மாதங்கள் முழுக்க வேலை நடந்தது. வாய் பிளக்கவில்லை.

இன்றைக்குத் தேதியில் இடது பக்கம் முழுதும் முடிந்துவிட்டது. வலது பக்கம் பின்னால் ஆறு பலகை பாக்கி. கீற்று இருக்கிறது, உத்தரக் கோடும் இருக்கிறது, ஆனால் நேற்றிலிருந்து வாடை திரும்பிவிட்டது, கதவு நிலையில் இறுகுகிறது. அந்த ஆறையும் டப்பாவில் அரிசியோடு போட்டு மூடி வைத்திருக்கிறேன். மாசி பிறக்கட்டும்.