கழுத்தில் கட்டி, ரத்தத்தில் நார்மல்

தண்ணீர் குடிக்கும்போது என் கழுத்தில் ஒரு உருண்டை ஏறி இறங்குவதை முதலில் கவனித்தது என் மாமியார்தான். "தைராய்டா இருக்கப் போகுது, ஒரு டெஸ்ட் எடுத்துப் பாரும்மா" என்றார். எடுத்தேன். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 2.1, நார்மல். சரி, அப்படியானால் இது தைராய்டு இல்லை என்று நானே முடிவு செய்து எட்டு மாதம் விட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் மனசு பதறுகிறது.

அப்புறம் போன இடத்தில் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டி கரையும் என்று தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை எழுதினார்கள். ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. இரண்டே மாதத்தில் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமும் போயிற்று. கட்டி அப்படியே இருந்தது.

மதுரையில் ஒரு ஹார்மோன் டாக்டரைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் டிஎஸ்எச் சொல்லும். உள்ளே இருக்கும் கட்டி எப்படிப்பட்டது என்று சொல்லாது. கட்டி இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் சரியாகவே இருக்கும். சுற்றியுள்ள நல்ல பகுதி வழக்கம்போலச் சுரந்துகொண்டிருக்குமே! சில கட்டிகள் மட்டும், டிஎஸ்எச்சை அனுப்பும் மூளைக்கடிச் சுரப்பியான பிட்யூட்டரியின் கட்டுப்பாட்டை மீறித் தாமாகவே ஹார்மோன் சுரக்கும். ஹார்மோன் கூடியதால் பிட்யூட்டரி தூண்டுவதைக் குறைக்கும், டிஎஸ்எச் இறங்கிவிடும். கட்டி தானாகச் சுரக்கிறதா என்று பார்க்க, லேசான கதிரியக்க மருந்து கொடுத்து ஐசோடோப் ஸ்கேன் எடுப்பார்கள். அந்த வகைக் கட்டி புற்றாக இருப்பது அபூர்வம்.

எனக்கும் அப்போது டிஎஸ்எச் 0.1தான். ஆனால் அது கட்டியின் வேலையா, மாத்திரையின் வேலையா? பழைய 2.1 ரிப்போர்ட்டைக் காட்டினேன். "மாத்திரையாத்தான் இருக்கும். நிறுத்திட்டு ஆறு வாரம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். 1.9க்குத் திரும்பியது. தயவுசெய்து பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கட்டி 1.8 செ.மீ., டைராட்ஸ் 4. டைராட்ஸ் என்பது ஸ்கேனில் தெரிவதை வைத்துப் புற்றுச் சந்தேகத்தை 1 முதல் 5 வரை பிரிக்கும் அளவுகோல். அந்த வகையில் 1.5 செ.மீ. எட்டினாலே, ஊசியால் கட்டியிலிருந்து செல் எடுத்துப் பார்க்கும் டெஸ்ட் செய்வார்களாம். தோளுக்கடியில் தலையணை வைத்து, கழுத்தை அண்ணாந்து படுக்கச் சொன்னார்கள். ஊசி உள்ளே இருக்கும்போது எச்சில் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. மூன்று முறை குத்தினார்கள். வலி பெரிதில்லை, ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியதுதான். அதற்குப் பிந்தைய ஐந்து நாள் காத்திருப்புதான் தாங்கவில்லை.

செல்களை ஆறு வகையாகப் பிரிக்கும் பெத்தெஸ்டா முறையில் 2 என்று வந்தது. புற்று இல்லாத கட்டி. மாத்திரையும் வேண்டாம், அறுவையும் வேண்டாம் என்றார். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாமியார் அழுதுவிட்டார்.

ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் அதே அளவு. அடுத்தது ஐப்பசியில். டிஎஸ்எச்சும் கூடவே எடுக்க வேண்டும். இரண்டு சீட்டையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.