முகத்தைத் தாண்டிப் போன தூசி

கோவையில் பம்ப், மோட்டார் பாகங்கள் வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் பராமரிப்புப் பிரிவைக் கவனித்துவருகிறேன். எங்கள் ஃபெட்லிங் பகுதியில் தூசியை அடக்கப் பதினோரு மாதம் ஆனது. அதில் முதல் நான்கு மாதம் வீண். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு அந்த நான்கு மாதமாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வார்ப்பில் ஒட்டிய மணலையும் பிசிறையும் கிரைண்டரால் தேய்த்து எடுப்பது ஃபெட்லிங். அந்த மணலில் பெரும்பகுதி சிலிக்கா. கண்ணில் படும் பெருந்தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். நான்கைந்து மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகள்தான் நுரையீரலின் அடிவரை இறங்கித் தங்குகிறது. இந்தச் சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் குணமாக்க மருந்து கிடையாது.

தூசிக் காற்றை உறிஞ்சித் துணிப் பைகளில் வடிகட்டும் பை வடிகட்டி ஒன்றை வாங்கினோம். கொடுத்தவர்கள் ஒவ்வொரு மேசைக்கும் மூன்றடி மேலே குடைபோல ஒரு ஹூட் மாட்டிவிட்டுப் போனார்கள். ஃபேன் ஓடியது, புகைபோக்கி சுத்தமாக இருந்தது, எங்களுக்கும் திருப்தி. மூன்றாம் நாள், அங்கே இருபது வருடமாக வேலை செய்யும் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சத்தம்தான் வருகிறது. தூசி என் மூக்கு வழியாகத்தான் மேலே போகிறது" என்றார்.

இரவு ஷிஃப்டில் விளக்குகளை அணைத்துவிட்டு, அவருக்குப் பின்பக்கமிருந்து ஒரு டார்ச்சை அடிக்கச் சொல்லி எதிரே நின்று பார்த்தேன். பகலில் ஒன்றுமே தெரியாத இடத்தில் வெள்ளையாக ஒரு திரை எழுந்தது. அது அவருடைய தாடையைத் தொட்டு, மூக்குக்கு முன்னால் ஒரு கணம் தங்கி, பிறகுதான் ஹூட்டுக்குள் போனது. தூசிக்கும் ஹூட்டுக்கும் நடுவில் மனிதனின் முகத்தை நாங்களே வைத்திருந்தோம். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அகல் விளக்கை ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைத்துவிடலாம். உறிஞ்சி அணைக்க முடியாது. உறிஞ்சும் வாயின் விட்டமளவு தள்ளிப்போனாலே காற்றின் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவும் தூசி எழும் இடத்துக்கு முடிந்தவரை அருகிலேயே உறிஞ்சச் சொன்னது. குடைகளைக் கழற்றினோம். மேசைத் தட்டைக் கம்பி வலையாக்கி, வார்ப்புக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் உறிஞ்சும் பிளவுகளை அமைத்தோம். எங்கள் ஃபிட்டர்களே பழைய தகட்டில் செய்து முடித்தார்கள். மறுபடி டார்ச் அடித்தபோது தூசி முகத்துக்கு ஏறாமல் பின்பக்கமாக மடங்கி ஓடியது.

அடுத்த சிக்கல் மழைக்காலத்தில் வந்தது. வடிகட்டிப் பைகளின் இரு பக்கத்துக்கும் இடையிலான காற்றழுத்த வித்தியாசம் அடைப்பு கூடக்கூட ஏறும். அது 90 மில்லிமீட்டர் நீர்மட்டத்திலிருந்து மூன்று வாரத்தில் 230ஐத் தொட்டது. மேசையில் இழுவை செத்துவிட்டது. பையில் படிந்த தூசியை உதறப் பாய்ச்சும் கம்ப்ரெஸர் காற்றில் ஈரம். தூசி அதில் சேறாகி அப்பிக்கொண்டிருந்தது. காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் மாட்டி, பைகளை மாற்றினோம். புதுப் பைகளில் முதலில் சுண்ணாம்புத் தூளை ஏற்றினோம். துணியைவிட அதன் மேல் படியும் மெல்லிய தூசிப் படலம்தான் நன்றாக வடிகட்டும். அதனால் அடிக்கடி உதறுவதும் தவறு. அழுத்த வித்தியாசம் 120ஐத் தொட்டால் மட்டும் உதறும்படி மாற்றிவிட்டோம்.

ஷிஃப்ட் முடிந்ததும் கம்ப்ரெஸர் குழாயால் உடம்புத் தூசியை ஊதிக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. நாள் முழுக்கப் பிடித்த தூசியை ஒரு நிமிடத்தில் காற்றில் கலந்துவிடும் பழக்கம் அது. மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் இரண்டு வாங்கி வாசலில் வைத்த பிறகே ஊதுவது நின்றது.

மணலை உதிர்க்கும் நாக்அவுட் பகுதி இன்னும் பாக்கி. அங்கே சூடான மணலின் ஆவியும் தூசியோடு சேர்ந்து எழுகிறது. போன வாரம் அந்தப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு போய், அங்கே டார்ச் அடித்துப் பார்த்தோம்.