ஒரு பனிப்பாறை, இரண்டு வேலைகள்

துருவக் கடலில் மிதக்கும் பனிப்பாறைகளை வெப்பக் கடலுக்கு இழுத்து வந்தால் ஹரிகேன் எனப்படும் பெரும்புயல்களின் வலுவும் குறையும், தண்ணீரில்லாத நாடுகளுக்கு நன்னீரும் கிடைக்கும் என்ற யோசனை பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டு அகலவில்லை. இரண்டு பெருந்துயரங்கள் ஒரே பொருளால் தீரும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, இந்த இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று அழிப்பவை என்பது தெளிவானது. புயலைத் தணிக்க வேண்டுமானால் பாறை கடலிலேயே கரைந்து தீர வேண்டும். குடிநீராக வேண்டுமானால் அது கரையாமல் வந்து சேர வேண்டும்.

ஹரிகேன் உருவாகக் கடல்மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். அந்த வெதுவெதுப்பு சுமார் 50 மீட்டர் ஆழம் வரை இருந்தால்தான் புயலுக்குத் தீனி தொடர்ந்து கிடைக்கும். நூறு கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட கடற்பரப்பை அந்த ஆழத்துக்கு 2 டிகிரி மட்டும் குளிர்விப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பனி உருகுவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். உருகிய நீர் கடலின் வெப்பநிலையை எட்டுவதற்கு இன்னும் நூறு கிலோஜூலுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். இவற்றைக் கூட்டிப் பெருக்கினால் தேவைப்படும் பனி ஏறத்தாழ 900 கோடி டன். 70 லட்சம் டன் எடையுள்ள பாறைகளாக இழுத்தால் சுமார் 1,300 பாறைகள் வேண்டும். அத்தனையும் புயலின் பாதையில் சரியான நாளில் நிற்க வேண்டும். பாதையோ கடைசி நாள் வரை மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு சிக்கலைச் சமையலறை மேசையிலேயே பார்க்கலாம். வண்ணம் கலந்து உறைய வைத்த ஒரு பனிக்கட்டியை உப்புநீர்க் கண்ணாடிக் குவளையில் போட்டேன். நிறம் அடியில் இறங்கவேயில்லை. மேலே விரற்கடை அளவுக்குத் தெளிவான அடுக்காகத் தங்கிவிட்டது. உப்பில்லாத நீர் இலேசானது என்பதே காரணம். அமேசான், ஒரினோகோ ஆறுகளின் நீர் அட்லாண்டிக்கில் இப்படித்தான் மேலே பரவி, கீழிருக்கும் குளிர்ந்த நீர் மேலெழுந்து கலப்பதைத் தடுக்கிறது. தன் காற்றாலேயே கடலைக் கலக்கிக் குளிர்வித்துத் தளரக்கூடிய புயல், அத்தகைய அடுக்கின் மேல் வரும்போது அந்தத் தளர்ச்சியிலிருந்து தப்பிவிடுகிறது. ஆக, உருகிய பனிநீர் கொண்டுவந்த குளிர்ச்சியை வெயில் போக்கிவிட்டால், எஞ்சி நிற்கும் நன்னீர் அடுக்கு புயலுக்கே துணைபோகக்கூடும் என்று அஞ்சுகிறேன்.

குடிநீர் என்ற பாதி மட்டும் வேறு கதை. கனடாவின் கிழக்கே உள்ள நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளை நோக்கி வரும் பனிப்பாறைகளைக் கப்பல்கள் கயிறு சுற்றித் திசை திருப்புவது வழக்கமான பணி. கயிறு நழுவலாம், பாறை புரளலாம், ஆனாலும் நடக்கிறது. 1977இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சவூதி இளவரசர் முகமது அல்-ஃபைசலின் ஆதரவுடன், பனிப்பாறைகளை இழுத்து வந்து பயன்படுத்துவது பற்றியே ஒரு மாநாடு கூடியது. அந்த நாள்களிலிருந்தே இதில் ஈடுபட்டிருந்த பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் மூஜான், பிற்காலத்தில் கணினி வழியாக ஒரு பயணத்தை நடத்திப் பார்த்தார். 70 லட்சம் டன் பாறை ஒன்று, துணியாலான காப்புறை சுற்றப்பட்டு, நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஆப்பிரிக்காவின் வடமேற்கே உள்ள கனேரித் தீவுகளுக்கு 141 நாள்களில் போய்ச் சேர்ந்தது. வழியில் இழந்தது 38 விழுக்காடு. எஞ்சும் 43.4 லட்சம் டன் நீர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்தால், ஏறத்தாழ 1,19,000 பேருக்கு ஓர் ஆண்டுக்குப் போதும். புயலுக்கு முன்னால் ஒன்றுமில்லாத அதே பாறை ஒரு நகரத்தின் தாகத்துக்கு முன்னால் பெரிய கொடையாகிறது.

எனவே என் அக்கறை முழுவதும் இப்போது கடைசிச் சில கிலோமீட்டர்களில்தான் இருக்கிறது. பக்கத்துக்கு 200 மீட்டர் உள்ள ஒரு பனிக்கனசதுரம் ஏறத்தாழ 180 மீட்டர் நீருக்கடியில் மூழ்கியிருக்கும். எந்தத் துறைமுகமும் அதை உள்ளே விடாது. ஆழ்கடலிலேயே நிறுத்தி, உருகும் நீர் உப்போடு கலப்பதற்குள் சுற்றிலும் தொட்டிபோல் துணிகட்டிப் பிடித்து, குழாய் வழியாகவோ கப்பல்களிலோ கரைக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் துணித்தொட்டி ஒரே ஒரு பெரும்புயலையாவது தாங்குமா என்பதைத்தான் நான் முதலில் சோதித்துப் பார்ப்பேன்.