பாட்டிலில் வராத வாடை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். காலையில் காபி குடிக்காமல் கிளம்பிய ஆறு வருடம். வாடையும் சுவையும் பார்க்கிறவர்கள் அதற்கு அரைமணி முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது. சென்ட், வாசனைச் சோப்பு ஆகாது. உடன் வேலை பார்த்த அக்கா வெள்ளிக்கிழமைகளில் மல்லிகைச் சரத்தைக் கழற்றி வாசல் கிரில்லில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். சாயங்காலம் வாடிப்போன அதையே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

கரி வடிகட்டியில் விட்டு எடுத்த வாடையில்லாத தண்ணீரைச் சாம்பிளோடு கலந்து, மொத்தம் 200 மில்லியாக்கி, 60 டிகிரிக்குச் சூடாக்கி, குடுவையின் மூடியைத் திறந்ததும் முகர வேண்டும். 25 மில்லி சாம்பிள் கலந்தாலும் வாடை தெரிகிறது, அதற்குக் குறைந்தால் தெரியவில்லை என்றால், 200ஐ 25ஆல் வகுத்து, வாடை எண் 8 என்று எழுதுவோம். அசுத்தம் கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி இல்லை என்று உறுதியான பிறகுதான் வாயில் வைப்போம், துப்பிவிடுவோம்.

சுவையில் எங்களுக்குள் ஒத்துப்போனதே இல்லை. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. நான் பண்ருட்டிப் பக்கம் வளர்ந்தவன், ஆயிரத்தைத் தாண்டினாலே கரிக்கிறது என்பேன். தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் அதையே "நல்லாத்தானே இருக்கு" என்பான். கேன் தண்ணீர்தான் அவனுக்குச் செத்த தண்ணீர்.

ஒருநாள் கெடிலம் ஆற்றோரக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா போர் தண்ணீர் கொண்டுவந்தார். "அழுவுன முட்ட நாத்தம் தம்பி." கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இருந்ததால் ஆரஞ்சு வாசனைதான் வந்தது. கண்ணாடிப் பாட்டில் கொடுத்து, மேலே கொஞ்சம் இடம் விட்டுப் பிடித்து வரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தார். நாங்கள் மூன்று பேர் முகர்ந்தும் ஒன்றும் இல்லை. 'ஏற்கத்தக்கது' என்று எழுதிக் கொடுத்தேன்.

தாளை வாங்கிப் பார்த்தவர், "அப்ப எங்க வீட்டுல எல்லாருக்கும் மூக்கு கெட்டுப் போச்சா?" என்றார்.

அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். எனக்காகக் குழாயை யாரையும் திறக்க விடாமல் வைத்திருந்தார். முதல் தண்ணீர் சொம்பில் விழும்போதே, குனிவதற்கு முன்பே, மூக்கில் ஏறியது. திண்ணையில் வைத்துப் பத்து நிமிடம் பேசிவிட்டு மறுபடி முகர்ந்தால் பாதி வாடை போயிருந்தது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றில்லாத ஆழத்தில் சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியா உண்டாக்கும் வாயு. பாட்டிலில் இடம் இருந்தால் தண்ணீரை விட்டு அங்கே ஏறிக்கொள்ளும், மூடியைத் திறந்தால் பறந்துவிடும். பஸ்ஸில் குலுங்கி வந்தால் கேட்கவே வேண்டாம். இதற்குப் பாட்டிலைக் காற்றுப் புகாமல் நிறைத்து, வாயுவைத் தண்ணீரிலேயே பிடித்துவைக்கும் ஜிங்க் அசிடேட்டை அங்கேயே போட்டுக் கொண்டுவர வேண்டும். இடம் விட்டுப் பிடிக்கச் சொன்னேனே, அது கிருமிச் சோதனைச் சாம்பிளுக்கான முறை. பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது. தப்பு அவர் மூக்கில் இல்லை, என் வாயில்.

மருந்து போட்டுச் சரியாகச் சாம்பிள் எடுத்தேன். சல்ஃபைடுக்கான எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. பழைய தாளை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதிதாகக் கொடுத்தேன். போரில் குளோரின் விட்டு நன்றாக இறைக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு, கொண்டுவருகிறவர் சொல்லும் வாடையை அவர் வார்த்தையிலேயே ரிஜிஸ்தரில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தோம். 'முட்ட நாத்தம்', 'துருப்பிடிச்ச ஆணி', 'மீன் கழுவுன தண்ணி'.

அன்றைக்குச் சாம்பிள் எடுத்து முடித்ததும் அந்த அம்மா காபி கொடுத்தார். அதே தண்ணீரில் போட்டது. உறிஞ்சிப் பார்த்தேன், வாடையே இல்லை.

"கொதிச்சா ஓடிப்போயிடும் தம்பி," என்றார். "அது கூடத் தெரியாமயா காபி போடுறேன்?"