பாப்பாவின் கஞ்சிக் குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

இரண்டு மூன்று நாளாகவே பாப்பாவின் நகத்துக்குள் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பவுடராக இருக்கும் என்று கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். இன்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தால், கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து சுவர்ப் பூச்சை நகத்தால் சுரண்டிச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்திருக்கிறது. ஒரு நாளில் நடந்த வேலை இல்லை அது. வாயைக் கழுவி விட்டுத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன், எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

வயது இரண்டேகால். எடை 9 கிலோ 800 கிராம். 'நம்ம குடும்பமே ஒல்லி உடம்புதான்' என்று எல்லோரும் சொல்ல, நானும் அதையே நம்பியிருந்தேன். நாளைக்கே டாக்டரிடம் போகிறோம்.

ஜூன் 4, புதன்

டாக்டர் முதலில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், பிறகு உள்ளங்கையை. மண், சுவர், சாக்பீஸ் தின்னும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரும்புச்சத்து குறைவாக இருக்கும் என்றார். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1. இந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான்.

அடுத்து அவர் கேட்டது, "ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறா?" நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், நாலு பாட்டில். அவரே கணக்குப் போட்டார்: 240 மி.லி. பாட்டில் நாலு என்றால் 960. கிட்டத்தட்ட ஒரு லிட்டர். பசும்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான் இரும்பு இருக்கிறது, அவளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 7, 8 மில்லிகிராம். அதோடு பாலில் உள்ள கால்சியம் மற்ற சாப்பாட்டில் இருக்கும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், வயிறும் பாலிலேயே நிறைந்துவிடும். சோறு வேண்டாம் என்று அவள் தட்டைத் தள்ளியது பிடிவாதமே இல்லை. பசியே எடுத்திருக்காது குழந்தைக்கு.

ஒல்லி உடம்பு என்று சொன்னதற்கும் பதில் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையைத்தான் அவர் காட்டினார். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து செய்தது. நல்ல சாப்பாடும் சுகாதாரமும் தாய்ப்பாலும் கிடைத்த குழந்தைகள் எந்த நாட்டில் பிறந்தாலும் முதல் ஐந்து வருஷம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்களாம். பாப்பாவின் புள்ளி கீழ்க்கோட்டை ஒட்டி நிற்கிறது.

சிரப் எழுதிக் கொடுத்திருக்கிறார். வெறும் வயிற்றில் கொடுக்கணும், பாலோடு சேர்க்கவே கூடாது, மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். பாட்டிலைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கச் சொல்லி இரண்டு தடவை அழுத்திச் சொன்னார், இரும்பு மருந்தைச் சின்னப் பிள்ளைகள் மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. சுவரையும் உடனே மூடச் சொன்னார். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், இரும்பு குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். ஈயத்துக்கும் ஒரு பரிசோதனை எழுதியிருக்கிறார். கட்டிலை நகர்த்திச் சுவரோடு ஒட்டிப் போட்டாயிற்று.

ஜூன் 7, சனி

பால் பாட்டிலை நிறுத்தி மூன்று நாள். முதல் ராத்திரி இரண்டு மணி நேரம் அழுதாள், அவள் அப்பா தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார். நேற்று அரை மணி நேரம். இப்போது டம்ளரில் காலை 200, ராத்திரி 200, அவ்வளவுதான். இன்று மத்தியானம் தானாகவே என் தட்டில் கை வைத்து ஒரு கவளம் எடுத்துச் சாப்பிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பீட்ரூட் கொடு, ரத்தம் ஊறும். பேரீச்சம்பழம் கொடு. வெல்லம் கொடு. யாரையும் குறை சொல்லவில்லை, பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். பீட்ரூட் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பேரீச்சம்பழம் நல்ல பழம்தான், ஒரு பழத்தில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. வெல்லத்தில் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் குழந்தைக்குக் கொடுக்கும் ஒரு ஸ்பூனில் என்ன வந்துவிடும்? மீதி சர்க்கரைதான்.

எனக்கே ஏமாற்றமாக இருந்தது கேழ்வரகு. கால்சியத்தில் அதை அடிக்க வேறு தானியம் இல்லை, நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம். இரும்பு என்று பார்த்தால் நாலு சொச்சம்தான். அந்த நாலிலும் பெரும்பங்கைத் தானியத்தின் தோலில் இருக்கும் ஃபைட்டிக் அமிலமும் டானினும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. குடலுக்குப் போயும் உடம்பில் சேராது.

இதை அத்தையிடம் சொன்னபோது அவர் யோசிக்காமல் சொன்னார், "அதுக்குத்தாம்மா ஊறவச்சு முளைகட்டி அரைப்பாங்க, சும்மா அரைச்சா வயித்துல நிக்காது." ஃபைட்டிக் அமிலம் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

அத்தை சொன்னது மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பாரம்பரிய உணவு என்றால் நாம் பெயரைத்தான் பிடித்துக்கொள்கிறோம், இந்தச் சிறுதானியம், அந்த அரிசி என்று. பக்குவத்தை விட்டுவிடுகிறோம்.

இதனால் உலகத்தில் எவ்வளவு பேர் செத்திருக்கிறார்கள் என்று படிக்கப் படிக்க மனசு கனத்துப்போனது. மெக்சிகோ பக்கத்து மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவித்தான் அரைப்பார்கள். ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, அந்தப் பக்குவம் போகவில்லை. சுண்ணாம்பில் வேகாத சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் கட்டுண்டு கிடக்கும், உடம்புக்குக் கிடைக்காது. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, பேதியாகி, புத்தி தடுமாறி, கடைசியில் சாவு. 1735-லேயே ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் இந்த நோயைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். பெல்லாக்ரா என்று பிறகு பெயர் வந்தது. மருந்து நியாசின்தான் என்று தெரிய 1937 ஆகிவிட்டது. இருநூறு வருஷம்! அத்தனை காலமும் கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் ஒரு அம்மா பானையில் ஒரு பிடி சுண்ணாம்பு போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளுக்குத் தீட்டிய அரிசியைப் போட்டு அவை கால் துவண்டு விழுந்ததைக் கண்டதும் இதே கதைதான், தவிட்டில் இருந்த தயாமின் என்ற வைட்டமினைத் தீட்டி வெளியே கொட்டிவிட்டார்கள்.

இன்னொன்றைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் பாப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டேன். குவாஷியோர்கர் என்று குழந்தைகளுக்கு உடம்பு வீங்கும் சத்துக்குறைவு நோய் இருக்கிறதே, அது கானாவின் கா மொழிச் சொல். அடுத்த பிள்ளை வந்ததும் தாய்ப்பாலிலிருந்து இறக்கிவிடப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1930-களில் அந்தத் தாய்மார்கள் சொன்ன பெயரையே எடுத்து உலகத்துக்குச் சொன்னார். நோய்க்குக் காரணம் அவர்கள் வைத்த பெயருக்குள்ளேயே இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

முதல் ஈடு முளைகட்டிய மாவு. வெள்ளி ராத்திரியே அரைத்து வைத்தோம், ஆனால் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை.

நான் எதிர்பார்த்தது என்னவென்றால்: குழந்தை வயிறு சின்னது, இவள் எடைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 300 மி.லி. பிடிக்கும். கெட்டியாகக் கஞ்சி காய்ச்சினால் விழுங்க முடியாமல் துப்புகிறாள். தண்ணீர் விட்டு இளக்கினால் வயிறு நிறைகிறது, சத்து பாதியாகிவிடுகிறது. இதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு வழி இருக்கிறது. தான்சானியாவில் டோக்வா என்று ஒரு புளித்த கஞ்சி, கெட்டிக் கஞ்சியில் முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கொஞ்சம் கலப்பார்கள். முளையில் உண்டாகும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை அறுத்துவிடும், தண்ணீர் சேர்க்காமலே கஞ்சி இளகிவிடும். மாவு அளவு அதே, ஆனால் குழந்தையால் விழுங்க முடியும்.

இன்று காலை கெட்டிக் கஞ்சியில் ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறினேன். ஒன்றும் ஆகவில்லை, களி மாதிரி அப்படியே நின்றது. இன்னொரு ஸ்பூன், இன்னும் கெட்டியானது. சரி, படித்தது தப்போ என்று உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். அப்புறம்தான் புரிந்தது. மாவு மணக்கணும் என்று அத்தை முளைகட்டிய தானியத்தை நன்றாகச் சிவக்க வறுத்திருந்தார். அந்தச் சூட்டில் நொதி செத்துப்போயிருக்கும். வறுத்த மாவு வீணில்லை, ஊறியபோதும் முளைத்தபோதும் ஃபைட்டிக் அமிலம் குறைந்தது குறைந்ததுதான், மணமும் நன்றாகவே இருக்கிறது. இளக்குகிற வேலைக்கு மட்டும் அது ஆகாது.

ஜூன் 19, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

ஞாயிறு ராத்திரி கேழ்வரகை நாலு தண்ணீர் கழுவி ஊறப்போட்டேன். திங்கள் காலை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டேன், காய்ந்துபோகாமல் அவ்வப்போது தண்ணீர் தெளித்தேன். புதன் காலை அவிழ்த்தால் வெள்ளை வெள்ளையாய் முளை. அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி வெயிலில் நன்றாக உலர்த்தினேன். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், அது குழந்தைக்கு விஷம்; கொஞ்சம் வாடை வந்தாலும் தூக்கிப் போட்டுவிடத்தான் வேண்டும். வறுக்காமல் அரைத்தேன், அரைக்கும்போதும் சூடேறாமல் விட்டு விட்டு.

கஞ்சிக்கு அரிசியும் பாசிப்பருப்பும் உடைத்த மாவு. கரண்டி நட்டால் நிற்கிற பதத்தில் இறக்கி, ஆவி அடங்கி, ஆனால் நல்ல சூடாக இருக்கும்போதே முளைமாவு அரை ஸ்பூன் போட்டுக் கிளறினேன். கொதிக்கும்போது போட்டால் நொதி போய்விடும், ஆறிப்போனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். முதலில் கரண்டி இழுபட்டது. பத்துச் சுற்று, பதினைந்து சுற்று. சட்டென்று கை லேசானது, பாத்திரத்தின் ஓரத்திலிருந்து கஞ்சி வழுக்கிக் கீழே இறங்கிப் பளபளவென்று பாயசப் பதத்துக்கு வந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. "அத்தை, இங்க வந்து பாருங்க" என்று கத்திவிட்டேன். அவர் கரண்டியை என் கையிலிருந்து வாங்கித் தானே தூக்கித் தூக்கி ஊற்றிப் பார்த்தார்.

பச்சை மாவு சேர்ந்ததால் மறுபடி அடுப்பில் வைத்து இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டேன், கிருமி இருந்தால் போகட்டும் என்று. ஒரு ஸ்பூன் நெய். பாப்பா கிண்ணம் முழுக்கக் குடித்தாள். லேசாக இனித்ததே காரணமாக இருக்கும், மாவுச்சத்து அறுபட்டால் சர்க்கரையாகத்தானே மாறும்.

கடைகளில் இருபது முப்பது தானியம் என்று எழுதி விற்கும் சத்துமாவில் எதை ஊறவைத்தார்கள், எதை முளைகட்டினார்கள் என்று ஒரு வரி இருப்பதில்லை. எண்ணிக்கையை வைத்து என்ன செய்வது?

ஜூன் 22, ஞாயிறு

இன்று அத்தையோடு சின்ன மனவருத்தம். டீயில் பிஸ்கட் நனைத்துப் பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார், அதுவும் கீரைச் சாதம் சாப்பிட்டு முடித்த உடனே. டீயில் உள்ள டானின் கீரையின் இரும்பை அங்கேயே பிடித்துவிடும். கோபமாகச் சொல்லிவிட்டேன், அவர் முகம் வாடிவிட்டது. சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். "அப்ப எதோட குடுத்தா சேரும்?" என்று கேட்டார். எலுமிச்சை, கொய்யா, தக்காளி, நெல்லி என்றேன். வைட்டமின் சி கூட இருந்தால் பருப்பு, கீரையின் இரும்பு இன்னும் அதிகமாகச் சேரும். உடனே எழுந்துபோய்ப் பரணிலிருந்து பழைய இரும்புச் சட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். புளிப்பான குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தே இரும்பு கொஞ்சம் இறங்கும், அது உண்மைதான்.

வாரம் ஒரு நாள் கொஞ்சம் ஈரல். இறைச்சியின் இரும்பு டானின், ஃபைட்டிக் அமிலம் என்று எதிலும் அவ்வளவாக மாட்டாது. ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அதனால் வாரம் ஒரு தடவைக்கு மேல் கொடுப்பதில்லை.

ஜூலை 5, சனி

ஹீமோகுளோபின் 10.4. எடை 10 கிலோ 200. ஈயப் பரிசோதனை முன்பே நல்லபடியாக வந்துவிட்டது.

டாக்டர் இது சிரப்பின் வேலை என்று தெளிவாகச் சொன்னார், எனக்கும் அதில் சந்தேகமில்லை. 9.1-ஐக் கஞ்சியால் மட்டும் ஒரு மாதத்தில் தூக்க முடியாது. அளவு 11-ஐத் தாண்டினாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் மருந்து தொடரணும். பாதியில் நிறுத்தினால் மறுபடி இறங்கிவிடும். மருந்தை நிறுத்திய பிறகு அவளைத் தாங்க வேண்டியது தட்டில் இருப்பதுதான், அதற்குத்தான் இவ்வளவும்.

நாத்தனார் போன் செய்தாள். எட்டு மாதக் குழந்தைக்கு இந்த மாவு வேண்டுமாம். கொடுத்தனுப்புகிறேன் என்றேன், கூடவே சொன்னேன்: கலந்த பிறகு கொதிக்க வை, உப்பு வேண்டாம், ஒரு வயது முடியும்வரை தேனை நாக்கில் தடவக்கூடச் செய்யாதே, அதில் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயின் கிருமி வித்து இருக்கலாம், தாய்ப்பாலை நிறுத்தாதே. எல்லாவற்றுக்கும் சரி அண்ணி, சரி அண்ணி என்றாள். அவள் மாமியார் கையில் போனைக் கொடு என்று சொல்லி அவரிடமும் தேன் விஷயத்தை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

டப்பாவில் மாவு இரண்டு ஸ்பூன்தான் மிச்சம். அத்தை ஏற்கெனவே கேழ்வரகைக் கழுவ ஆரம்பித்துவிட்டார், இந்தத் தடவை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து.