பச்சைப் போத்தல்களும் கோமாளிக் குஞ்சுகளும்

2025 ஜனவரி 30, வியாழன்

பள்ளிக்கூடத்தால் வந்து பையை வைக்க முன்னமே தெரிந்துவிட்டது. தொட்டியில் பெண் கோமாளி மீன் கூரை ஓட்டுத் துண்டில் வயிற்றை ஒட்டிக்கொண்டு மெல்ல நடுங்கியபடி சுற்றி வந்தது. பின்னாலேயே ஆண். மூன்று நாளாக இரண்டும் அந்த ஓட்டைக் கொத்திக் கொத்திச் சுத்தமாக்கிக்கொண்டிருந்தன. 4 மணிக்குள் இரண்டு ஐந்து ரூபாய்க் குற்றிகளை அருகருகே வைத்தது போலச் செம்மஞ்சள் முட்டைத் திட்டு. முந்நூறுக்குக் கிட்ட இருக்கும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: இவை எங்கள் கடலிலேயே கடற்சாமந்திக்குள் குடியிருக்கும் கோமாளி மீன்கள். ஆம்பிபிரியோன் கிளார்க்கி என்ற இனம். கரும்பழுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டைகள், மஞ்சள் செட்டைகள். இரண்டு வருடத்துக்கு முன் இங்கே திருகோணமலையில், திருக்கடலூர் சுழியோடி அண்ணை ஒருவரிடம் வாங்கினேன். அப்போது இரண்டும் ஒரே அளவு. இந்தச் சாதியில் எல்லாமே ஆணாகத்தான் தொடங்கும், பெரியது பெண்ணாக மாறும். என் தொட்டியிலும் அப்படித்தான் நடந்தது.

புறாத்தீவில் பிடித்ததா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. 1963 இல் சரணாலயமாகி 2003 இல் தேசியப் பூங்காவான இடம் அது. அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது.

குஞ்சு வளர்க்க இது நான்காவது முயற்சி. முந்திய மூன்றிலும் ஒரு குஞ்சுகூடப் பட்டை போடும்வரை வரவில்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

மீனைப் பற்றி எழுத இன்றைக்கு ஒன்றுமில்லை. ஆண்மீன் செட்டையால் விசிறுகிறது, வெளுத்துப்போன முட்டையை வாயால் எடுத்துவிடுகிறது. அதன் வேலையை அது என்னைவிட நன்றாகச் செய்கிறது. என் வேலை பச்சைத் தண்ணீர்.

பொரித்துவரும் குஞ்சு 3, 4 மில்லிமீற்றர்தான். கடையில் விற்கும் எந்தத் தூளையும் தின்னாது. அசைகிற, உயிருள்ள, வாய்க்குள் அடங்குகிற இரை வேண்டும். அதற்கு ரொட்டிபர். கண்ணுக்குத் தூசிபோலத் தெரியும் ஓர் உயிரி, மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று இரண்டு பங்கு அளவு. அந்த ரொட்டிபருக்கும் சாப்பாடு வேண்டும். அதுதான் போத்தல்களில் வளரும் பச்சைப் பாசி.

சென்ற முறை எங்கே பிழை நடந்தது என்று இப்போது விளங்குகிறது. பாசி செத்துப்போன அவசரத்தில் ரொட்டிபருக்குப் பாண் போடுகிற ஈஸ்ட் கரைத்து ஊற்றினேன். ரொட்டிபர் பெருகியது, குஞ்சுகளும் வயிறு நிறையத் தின்றன. ஒன்பதாம் நாள் உருமாறுகிற நேரத்தில் ஒரே இரவில் எல்லாம் அடியில் கிடந்தன. ஈஸ்ட் தின்ற ரொட்டிபரில் குஞ்சுக்கு வேண்டிய கொழுப்பமிலங்கள் இல்லை. வயிறு நிறைந்தபடியே பட்டினி. நனோகுளோரோப்சிஸ் என்ற என் பச்சைப் பாசியிலும் டிஎச்ஏ என்கிற கொழுப்பமிலம் மிகக் குறைவு, அது ஐசோகிரைசிஸ் என்ற பழுப்புப் பாசியில்தான் நிறைய உண்டு. ஆகவே இந்த முறை இரண்டையும் வளர்க்கிறேன். ஆறு போத்தல் பச்சை, மூன்று பழுப்பு. எல்லாவற்றையும் ஓர் இடத்தில் வைக்கவில்லை. இரண்டு போத்தல் அம்மாவின் அறை யன்னலில் இருக்கிறது. ரொட்டிபர் வாளியில் நனைந்த கையோடு பாசிப் போத்தலைத் தொட்டால் போதும், ஒரு கிழமையில் பாசியை ரொட்டிபர் தின்று தீர்த்துவிடும்.

பின்னேரம் உப்புவெளிக் கரையில் இரண்டு கான் கடல்தண்ணி அள்ளினேன். மாரி மழையில் கடல் இன்னும் நீர்த்துத்தான் இருக்கிறது, உவர்மானி ஆயிரத்துக்கு 30 பங்கு உப்பு காட்டியது. தெற்கே மகாவலியும் கொட்டியாரக்குடாவில்தானே விழுகிறது. பாசிக்கும் ரொட்டிபருக்கும் 30 தாராளம். தாய்த்தொட்டிக்கும் குஞ்சுத்தொட்டிக்கும் மழைக்கு முன் நீலப் பீப்பாயில் மூடிவைத்த 34 தண்ணிதான்.

பெப்ரவரி 5, புதன்

முட்டைக்குள் கண்கள் வெள்ளியாக மின்னுகின்றன. டோர்ச் பிடித்தால் முந்நூறு சோடிக் கண்கள் திரும்பிப் பார்க்கின்றன. தண்ணீர் 28 பாகை. நாளை இரவு பொரிக்கும்.

பெப்ரவரி 6, வியாழன், இரவு 10.40

மாலை 5 மணிக்கு ஓட்டை எடுத்தேன். காற்றுப் படக்கூடாதென்று தண்ணிக்குள்ளேயே ஒரு பேசினில் வைத்து, பேசினோடு தூக்கிக் குஞ்சுத்தொட்டிக்குக் கொண்டுபோனேன். ஆண்மீன் ஓடு இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. பார்க்க மனம் கேட்கவில்லை. புது ஓடு ஒன்றை வைத்துவிட்டு வந்தேன்.

குஞ்சுத்தொட்டியில் 20 லீற்றர், அதே தாய்த்தொட்டித் தண்ணீர். நாலு பக்கமும் கறுப்புத் துணி. கண்ணாடியில் வெளிச்சம் தெறித்தால் குஞ்சுகள் அதை நோக்கியே முட்டி முட்டிச் சாகும். ஓட்டின் கீழே காற்றுக்கல், குமிழி முட்டைகளைத் தடவிக்கொண்டு போகும்படி. தகப்பன் விசிறுவதற்குப் பதில் அது.

7 மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்தேன். தம்பியிடம் கதவைத் திறக்காதே என்று சொல்லியிருந்தேன், அவனும் என்னோடு இருட்டில் வந்து இருந்துவிட்டான். 8 மணிக்கு ஒரு நொடி டோர்ச் அடித்தோம், ஒன்றுமில்லை. 8.30க்கு அடித்தபோது ஓடு வெறும் ஓடாக இருந்தது. வெளிச்சத்தை நோக்கி ஊசிமுனைகள் போலக் குஞ்சுகள் வந்தன. "அக்கா, எல்லாத்துக்கும் கண் மட்டும்தான் இருக்கு" என்றான். சரிதான். உடம்பு கண்ணாடி, கண் மட்டும் தெரிகிறது.

பெப்ரவரி 7, வெள்ளி

விடிய எழும்பி முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன், தொட்டி இளநீர்க் கோம்பையின் நிறம் வரும்வரை. ரொட்டிபர் தொட்டிக்குள்ளும் தின்றுகொண்டே இருக்கும், வெளிச்சம் பரவும், அமோனியாவையும் பாசி கொஞ்சம் இழுக்கும்.

கணக்கு இப்படி: ஒரு மி.லீ. தண்ணீருக்கு 10 ரொட்டிபர் வேண்டும். 20 லீற்றருக்கு 2 இலட்சம். என் வாளியில் மி.லீ.க்கு 200 அளவில் இருக்கிறது, ஆகவே ஒரு லீற்றர் வாளித்தண்ணியை வடித்தால் போதும். வடிப்பது ஸ்கிரீன் பிரிண்டிங் துணியில். அழுக்குத் தண்ணி போய்விடும், ரொட்டிபர் தங்கும்.

9 மணிக்கு, பாடசாலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்தேன். ஒரு குஞ்சு நின்றது. உடம்பை 'ட' போல மடித்தது. சடாரென நிமிர்ந்து பாய்ந்தது. வயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளி. அடுத்ததும் அப்படியே. இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

காலை 11 மணி தாண்டிக் கரண்ட் போனது. பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும் என்று இருந்தேன். நாடு முழுக்க இல்லையென்று பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் சொன்னபோதுதான் வயிறு கலங்கியது. துணை மின்நிலையம் ஒன்றில் குரங்கு பட்டதாம்.

நான் முதலில் ஓடியது குஞ்சுத்தொட்டிக்கு. அது பிழை. 20 லீற்றரில் சில நூறு ஊசிமுனைகள், அவற்றுக்கு அவ்வளவு ஒட்சிசன் தேவையில்லை. ஆபத்து ரொட்டிபர் வாளிக்குத்தான். 20 லீற்றர் வாளியில் 40 இலட்சம் உயிர், காற்று நின்றால் சில மணித்தியாலங்களில் எல்லாம் செத்து நாறிவிடும். அதைப் போக்கடித்தால் நாளைக்குக் குஞ்சுகளுக்குச் சாப்பாடு இல்லை.

அம்மாவின் பெரிய பேசின்கள் நாலு, உடுப்புத் தோய்க்கிறது, மா குழைக்கிறது எல்லாம் எடுத்தோம். வாளித்தண்ணியை ஒரு சாண் ஆழத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றினோம். தண்ணீர் எவ்வளவு பரந்து கிடக்கிறதோ அவ்வளவுக்குக் காற்று தானாகக் கரையும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினோம். நான், தம்பி, அம்மா, கடைசியில் மாமியும். பற்றரி எயார் பம்ப் ஒன்று இருந்தது, அதைத் தாய்த்தொட்டிக்குக் கொடுத்தேன். பெரிய மீன்தான் முதலில் மூச்சுத் திணறும்.

குஞ்சுத்தொட்டியின் மேல்மூடியைத் திறந்து யன்னல் வெளிச்சம் விட்டேன். கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற குஞ்சு, வெளிச்சம் இல்லாவிட்டால் இரைக்கு நடுவிலேயே பட்டினி கிடக்கும்.

இருட்டின பிறகுதான் கரண்ட் வந்தது. ரொட்டிபரை எண்ணினேன், மி.லீ.க்கு 130. பாதிக்கு மேல் தப்பிவிட்டது. அம்மா அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டா. யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை.

பெப்ரவரி 10, திங்கள்

ஒன்றரை மணித்தியாலம் முறைவைத்து மின்வெட்டு. பேசின்கள் இன்னும் மண்டபத்திலேயே இருக்கின்றன.

பெப்ரவரி 12, புதன், போயா

நேற்றுத் தைப்பூசம், கோயிலுக்குப் போய் வர நேரமாகியதால் தொட்டி அடியைச் சுத்தம் செய்யவில்லை. இன்று அமோனியா கொஞ்சம் ஏறியிருந்தது. விடுமுறை நாள் என்பதால் ஆறுதலாகச் செய்தேன். எயார் குழாய் போன்ற மெல்லிய குழாயால் அடியிலுள்ள கழிவை வெள்ளைக் கோப்பைக்கு இழுக்க வேண்டும். வெள்ளைக் கோப்பை எதற்கென்றால், தவறி வரும் குஞ்சைக் கண்டு திருப்பி விடலாம். ஏழு வந்தது, ஏழையும் கரண்டியில் தண்ணியோடு விட்டேன். இழுத்த அளவுக்குப் புதுத் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக விட இரண்டு மணித்தியாலம். இந்த வயதில் திடீர் மாற்றம் எதுவானாலும் கொன்றுவிடும்.

எண்ணிப் பார்த்ததில் 150 அளவில். பொரித்ததில் பாதி.

பெப்ரவரி 14, வெள்ளி

எட்டாம் நாள். ஆர்ட்டிமியா என்கிற சின்ன உப்புநீர் இறாலினத்தின் குஞ்சு கொடுக்கத் தொடக்கம். சோடாப் போத்தலைத் தலைகீழாக்கி, அடியிலிருந்து பலமாகக் காற்று விட்டு, நேற்றுப் போட்ட முட்டை 24 மணித்தியாலத்தில் பொரித்துவிட்டது. காற்றை நிறுத்தி ஒரு பக்கம் டோர்ச் வைத்தால் செம்மஞ்சள் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வரும், கோது மிதக்கும். கோது ஒன்றுகூடக் கலக்கவிடக்கூடாது, குஞ்சின் குடலை அடைத்துவிடும். பொரித்த சூட்டோடு கொடுக்க வேண்டும், நேரம் போகப்போக அது தன் மஞ்சட்கருவைத் தானே தின்று சத்தில்லாமல் போகும்.

பெரிய குஞ்சுகளின் வயிறு ஒரு மணித்தியாலத்தில் செம்மஞ்சளாகியது. சின்னவை இன்னும் ரொட்டிபரில்தான். இரண்டையும் கலந்து கொடுக்கிறேன். இரண்டாம் முயற்சியில் ஐந்தாம் நாளே ரொட்டிபரை நிறுத்தியது எவ்வளவு அவசரம் என்று இப்போது தெரிகிறது.

இதற்கிடையில் தாய்த்தொட்டியில் அடுத்த முட்டை. இதை எடுக்கப்போவதில்லை. இன்னொரு கூட்டத்துக்குக் கொடுக்க என்னிடம் ரொட்டிபர் இல்லை. தகப்பனிடமே இருக்கட்டும்.

பெப்ரவரி 17, திங்கள்

ஒரு குஞ்சு நடுத்தண்ணியை விட்டுத் தொட்டிச் சுவரோரம் வந்து நின்றது. மஞ்சளேறிய உடம்பு. தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு, பென்சிலால் இழுத்த மாதிரி.

கடலில் என்றால் பத்து நாளளவு அலைந்த பிறகு இந்த நேரத்தில்தான் அது பாறையைத் தேடி இறங்கும்.

பெப்ரவரி 20, வியாழன்

மூன்று நாளில் 60க்கு மேல் செத்துவிட்டது. உருமாற முடியாதவை. சிலது பாதி மஞ்சளாகி நின்றுவிட்டது. இந்தத் தடவை உணவில் குறை வைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மின்தடைக்குப் பிந்திய இரண்டு நாளும் ரொட்டிபர் மி.லீ.க்கு 5க்கு இறங்கியிருந்தது, அப்போது பின்தங்கியவைதான் இவை என்று படுகிறது.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், மண்டபம் என்ற ஊரில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், கோமாளி மீன்களைப் பொரிக்க வைத்துப் பெருந்தொகையாக வளர்க்கும் முறையை ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். அவர்கள் முறைக்கும் என் முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களிடம் பாசி எப்போதும் தயார், அதுதான் வித்தியாசம். எனக்கு ஒன்பது போத்தல் போதவில்லை, பதினைந்து வேண்டும்.

பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி

அம்மாவும் மாமியும் கோணேசர் கோயிலில். நானும் போய்ப் பத்து மணிக்குத் திரும்பிவிட்டேன், ஆர்ட்டிமியா மாற்றவேண்டும். கோட்டை வாசலில் மான்கள் சனத்தைக் கண்டு ஒதுங்கி நின்றன.

விழித்திருக்கிற இரவு என்பதால் தொட்டிக்கு முன்னால் இருந்துகொண்டேன். எல்லாவற்றுக்கும் தலைப்பட்டை முழுதாக வந்துவிட்டது, பலவற்றுக்கு நடுப்பட்டையும் தொடங்கிவிட்டது. வாலை ஆட்டி ஆட்டி நீந்துகின்றன, பெரிய மீன் போலவே. ஸ்பொஞ்ச் பில்டரும் போட்டாயிற்று. நெருப்புப்பெட்டி அளவான ஓட்டுத் துண்டை உள்ளே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பெரியது ஒன்று அதைத் தனதாக்கிக்கொண்டு மற்றவற்றைத் துரத்தியது.

மார்ச் 2, ஞாயிறு

எண்ணினேன், இரண்டு தரம். 63.

நேற்றுப் பின்னேரம் புது ஓட்டில் மீண்டும் முட்டை. பாசிப் போத்தல் பன்னிரண்டு ஆகிவிட்டது, இதை எடுக்கலாம்.

சுழியோடி அண்ணையை வரச்சொல்லியிருந்தேன். முன்பு அரை மணித்தியாலத்தில் பிடித்ததை இப்போது அரைநாள் தேடவேண்டியிருக்கிறது என்று அடிக்கடி சொல்லுகிறவர். கடையிலிருந்து 10 குஞ்சு கேட்டிருக்கிறார்கள், இன்னும் இரண்டு மாதம் வளர்த்துக் கொடுக்கலாம், அதையும் அவர் வழியாகவே கொடுக்க எண்ணம். தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, பொரிக்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டார். போனில் எடுத்த படத்தைக் காட்டினேன், கறுப்பில் வெறும் கண்கள்.

"முப்பது வருசம் கடலுக்குள்ள போறன் பிள்ளை. இவ்வளவு சின்னன் நான் கண்டதில்லை. பொரிக்கிற அண்டைக்கு எனக்கும் சொல்லு."

சனிக்கிழமை இரவு என்று சொல்லியிருக்கிறேன். ஏழு மணிக்கு முன்னம் வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு கதவைத் திறக்க முடியாது.