பழைய வால்வோவில் கேரவன் கட்டிக்கொண்டு தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு

மலேசியாவில், கேமரன் மலைக்கு ஏறும் வழி தொடங்கும் தாப்பாவில் ஒரு பட்டறை. வால்வோ 240-இன் ரேடியேட்டர் மேல்பக்க ஹோஸ் கேட்டால் 140 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். ஒரு ரப்பர் குழாய்க்கு! பின்னால் கேரவன் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்ன விலை அது. ஈப்போவில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் பொட்டோங் கடைகளில் அதே அளவு ஹோஸை 30 வெள்ளிக்குள் பேசி வாங்கலாம். டிக்கியில் ஒன்று கிடந்ததால் அந்தப் பட்டறைக்கு ஒரு காசும் போகவில்லை. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஃபேன் பெல்ட், நாலு கிளிப், ஐந்து லிட்டர் தண்ணீர். இவ்வளவும் இல்லாமல் பழைய காரில் எதையும் இழுத்துக்கொண்டு, தாப்பாவிலிருந்து மலைக்குப் போகும் 59-ஆம் எண் சாலையில் ஏறாதீர்கள்.

வண்டி விவரம் கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். கார் வால்வோ 244, பி21 எஞ்சின், எம்46 மேனுவல் கியர்பாக்ஸ். அது சேர்ந்த 240 வரிசை 1974 முதல் 1993 வரை வந்தது. இங்கே ஓடியவற்றில் பல ஷா ஆலாமில் பொருத்தப்பட்டவை. கேரவன், இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் செய்த பழைய ஸ்பிரைட்: மரச்சட்டம், மேலே மெல்லிய அலுமினியத் தகடு. சாமான் ஏற்றியபின் 750 கிலோ. கார் காலியாக 1,280 கிலோ அளவில் நிற்கும். இங்கிலாந்துக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு, சாமான் ஏற்றிய கேரவன் காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது. அதன்படி 1,080 கிலோ வரை போகலாம். மலைக்குப் போகிறவர்கள் அந்த எல்லையைத் தொடவே வேண்டாம். 750 கிலோவே இந்தச் சாலைக்குப் போதும்.

தாப்பா வரை வரும் பிளஸ் (வடக்கு-தெற்கு) நெடுஞ்சாலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. 80-இல் ஓட்டினால் எல்லாரும் முந்திப் போவார்கள், போகட்டும்.

தாப்பா, பாத்தாங் பாடாங் மாவட்டத்தின் தலைநகரம். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும். தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க வரும் ஊர். மலையேறப் போகும் பழைய காருக்கு இதைவிட நல்ல நிறுத்தம் கிடையாது: தட்டையான இடம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, சாப்பாடும் இருக்கிறது. அந்தச் சாப்பாடு! வாழையிலையில் சோறு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், நெத்திலி சம்பால், பாகற்காய் வறுவல், மிளகு தூக்கிய ரசம், மோர் மிளகாய். பரிமாறிய அக்கா, "கறி இன்னும் கொஞ்சம் வைக்கவா தம்பி, மேல போனா இது கிடைக்காது" என்றார். உண்மைதான். மலைமேல் போய் ஸ்டீம்போட்டுக்குக் கொடுக்கும் காசில் இங்கே இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். பிரட்டலில் எண்ணெய் மிதக்கவில்லை, மசாலா இறைச்சியோடு ஒட்டியிருந்தது. அதற்காகவே இன்னொரு தடவை இறங்கலாம்.

சாப்பாட்டுக் கடை வாசலிலேயே கொக்கி எடையைப் பார்த்துவிடுங்கள். கேரவனின் முன்முனை காரின் இழுவைக் குண்டுமேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் கொக்கி எடை. தனிக் கருவிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசு ஒன்று, அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் கப்ளிங்கின் (குண்டைக் கவ்வும் கேரவன் பிடியின்) அடியைத் தாங்கும்படி அளவாக வெட்டிய மரக்கட்டை. சக்கரங்களுக்கு அடை வைத்து, கேரவன் மட்டமாக நிற்கும்போது அதன் முன்முனையில் உள்ள குட்டிச் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் தராசு சொல்லிவிடும். மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு வரவேண்டும். 750 கிலோவுக்கு 38 முதல் 52 கிலோ. இந்தக் கேரவனில் 22 கிலோதான் காட்டியது. தண்ணீர்த் தோம்பும் கூடாரமும் பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் அச்சுக்கு நேர் மேலே தரையோடு நகர்த்தி, அடுப்பை முன்னால் கொண்டுவந்ததும் 45-க்கு வந்தது. பின்பாரம் கூடினால் நெடுஞ்சாலையில் கேரவன் பாம்பாட்டம் போடும். அப்படி ஆடினால் ஸ்டீயரிங்கைத் திருப்பி அடக்கப் பார்க்காதீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு எண்ணெய் மிதியிலிருந்து (ஆக்சிலரேட்டரிலிருந்து) காலை எடுங்கள், தானே அடங்கும். ஓங்கி பிரேக் அடித்தால் கவிழும்.

இழுவைக் குண்டின் அளவையும் அப்போதே பாருங்கள். பழைய இங்கிலாந்து கேரவன்களில் இரண்டு அங்குலக் கப்ளிங் இருக்கும், அதாவது 50.8 மில்லிமீட்டர். இப்போது விற்கும் குண்டு 50 மில்லிமீட்டர். முக்கால் மில்லிமீட்டர்தானே என்று விடக்கூடாது. தேய்ந்த கப்ளிங்கில் அந்த இடைவெளி போதும், குழியில் விழும்போது குண்டை விட்டுக் கழன்றுவிட. குண்டு 49-க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றியாக வேண்டும். ஐம்பது அறுபது வெள்ளிச் செலவுதான்.

பெயின்டுக்கு ஐயாயிரம் வெள்ளி செலவழித்துவிட்டு பத்து வருஷத்து டயரோடு மலையேறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். கேரவன் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்றே சாகும். பட்டன் ஆழமாக இருந்தாலும் நம் ஊர் வெயிலில் பக்கச் சுவர் வெடித்துவிடும். ஆறு ஏழு வருஷம் தாண்டினால் தூக்கிப் போடுங்கள்.

இனி ஏற்றம். தாப்பாவிலிருந்து மலையின் முதல் ஊரான ரிங்லெட் 45 கிலோமீட்டர் அளவு, முழுக்க வளைவுதான். கார் சூடாவது பெரும்பாலும் கியரில்தான் தொடங்குகிறது. நாலாவது கியரில் முக்கிக்கொண்டே ஏறினால் எஞ்சின் மெதுவாகச் சுழலும், தண்ணீர் பம்ப்பும் ஃபேனும் அதோடு மெதுவாகும், பாரம் மட்டும் முழுதாக இருக்கும். இரண்டிலோ மூன்றிலோ வைத்து நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் விடுங்கள். எஞ்சினை இன்னும் மெதுவாகச் சுழலவிடும் ஓவர்டிரைவ் பட்டனைத் தொடவே கூடாது. சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கினால் ஏர்கோனை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து ஜன்னலை இறக்கிவிடுங்கள். ஹீட்டர் இன்னொரு குட்டி ரேடியேட்டர். வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் பிழைக்கும். இந்த ஊர் போமேன்கள் (மெக்கானிக்குகள்) பலர் 'சூட்டு நாடு' என்று, எஞ்சின் சூடானபின் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுகிறார்கள். கண்மூடித்தனம். ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் திரும்பும் பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டே மூடும்படி செய்த எஞ்சின்களில் அதைக் கழற்றினால் பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ரேடியேட்டர் மூடியும் முக்கியம். மலைமேல் உள்ள தானா ராத்தா ஊர் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தம் பிடிக்கவில்லை என்றால் கீழே தாங்கிய கார் மேலே கொதிக்கும். மூடி இருபது வெள்ளி. மாற்றிவிடுங்கள்.

வால்வோக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பி21-இல் ஃபிளேம் டிராப் என்று கைவிரல் அளவு பிளாஸ்டிக் சாமான், எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கம் ஒளிந்திருக்கும். அது கரியால் அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி எண்ணெய் சீல்களைத் தள்ளும். சமதரையில் தெரியாது, மிதியை முழுதாக அழுத்தி ஏறும்போதுதான் காட்டும். சோதிப்பது சுலபம்: எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து, ஓட்டைமேல் ஒரு கையுறையை மூடிப் பாருங்கள். உள்ளே இழுத்தால் நல்லது, ஊதினால் அடைப்பு. 1980களில் வந்த 240-களில் எஞ்சின் அறை வயரின் மேலுறை உதிர்ந்து போகும் நோயும் உண்டு. கேரவன் விளக்குகளை அந்த வயரில் தட்டிக் கொடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸோடு தனிக் கம்பி, பைபாஸ் ரிலே (கார் வயரில் பாரம் ஏறாமல் கேரவன் விளக்குகளுக்கு மின்சாரம் விடும் சாமான்), பிறகு ஏழு முனை சாக்கெட். நேராகத் தட்டினால் காரின் பல்பு எச்சரிக்கை விளக்கும் பைத்தியம் பிடித்தது மாதிரி எரியும். ஏழு முனையில் மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு பிரேக், கருப்பு இடது பின்விளக்கு, பழுப்பு வலது பின்விளக்கு, நீலம் பனி விளக்கு, வெள்ளை எர்த். பாதிக் கோளாறு அந்த வெள்ளைக் கம்பியில்தான்.

கூட வந்த பென்ஸ் டபிள்யூ123 சூடே ஆகவில்லை, ஆனால் கிளட்சை விடும்போதெல்லாம் அடியில் ஒரு தட்டல். எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் டிஸ்க்கில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி வெடிப்பு. இழுக்கும் காரில் முதலில் போவது அதுதான். கிளம்புமுன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

லாத்தா இஸ்கந்தாரில் நின்றே ஆகவேண்டும். அருவிக்காக இல்லை, சக்கரக் குடத்தைத் தொட்டுப் பார்க்க. நாலைந்து நிமிஷம் நின்றபின் கேரவனின் இரு குடங்களிலும் கை வையுங்கள். இரண்டும் ஒரே அளவு இளஞ்சூடாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் ஒட்டுகிறது, இல்லையேல் பேரிங் போகிறது. காருக்கு ஓய்வு கொடுக்கும் நேரத்தில் ஒராங் அஸ்லி (பழங்குடி மக்கள்) கடைகளில் பெத்தாய்க் காய் வாங்கலாம்; விலை நியாயம். வாகன நிறுத்தத்தில் கேரவனுக்கும் சேர்த்து இரண்டு இடத்துக்குக் காசு வாங்கினார்களே, அது நியாயமில்லை.

வழியில் காய்கறி லோரி எதிரே வந்து பின்னால் எடுக்கச் சொன்னால், பழைய கேரவனை அப்படியே தள்ள முடியாது. கார் பின்னால் போனதும் கப்ளிங் அமுங்கி கேரவன் பிரேக் பிடித்துக்கொள்ளும். இறங்கிப் போய் கப்ளிங்கில் உள்ள ரிவர்ஸ் கொண்டியைப் போட வேண்டும். கூட ஒருவர் இருந்தால்தான் இந்தச் சாலை.

ரிங்லெட்டுக்கு வெளியே ஒரு காய்கறித் தோட்டத்து ஓரம் இரவுக்கு 40 வெள்ளி. தண்ணீர் உண்டு, கரண்டு இல்லை. தானா ராத்தா ஹோட்டல் விலைக்கு இது எவ்வளவோ மேல். தோட்டங்களில் இன்னமும் உழைக்கும் பழைய லேண்ட் ரோவர்களைச் சும்மா பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. இறக்கம் முழுக்கக் கேரவன் காரைத் தள்ளிக்கொண்டே வரும். தள்ளும்வரை அதன் பிரேக் பிடித்தபடியே இருக்கும், நீங்கள் காலை வைக்காவிட்டாலும். அதனால் பிரேக் டிரம் காய்ந்து வாசனை வரும். இரண்டாவது கியரில் இறங்குங்கள். பிரேக்கை உரசிக்கொண்டே வராமல் அழுத்தி வேகம் குறைத்து, முழுதாக விடுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்: டாட் 4 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155. நம் ஈரக் காற்றில் இரண்டு வருஷத்துக்கு மேல் விட்டு வைத்தால் பாதி இறக்கத்தில் பெடல் தரை தொடும். ஒரு போத்தல் 25 வெள்ளி. நடுவில் நின்று ஆறவிடும்போது கேரவனுக்கு ஹேண்ட்பிரேக் போடாதீர்கள்; சூடான டிரம் ஆறும்போது சுருங்கி உள்ளே உள்ள பிரேக் ஷூவைக் கவ்விக்கொள்ளும். அடைக்கட்டை வையுங்கள்.

தாப்பாவுக்கு வந்ததும் நேராகச் சாப்பிடப் போகாமல் குடங்களைத் தொட்டுப் பாருங்கள். வீட்டுக்குப் போனபின் டிரம்மைக் கழற்றி, பேரிங்கில் புது கிரீஸ் வைத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு நட்டின் ஒரு பட்டை அளவு தளர்த்தி, அது கழலாமல் புது பின் குத்துங்கள். பிரேக்கைச் சக்கரத்தில் முதலில் சரிசெய்து, அதன்பிறகுதான் கேபிள், கடைசியாகக் கப்ளிங்கிலிருந்து வரும் பிரேக் கம்பி. வரிசையை மாற்றிக் கம்பியை இறுக்கிச் சமாளித்தால் அடுத்த இறக்கத்தில் ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கும்.